டிஸ்க் இல்லாத கன்சோலுக்குக் காசு கொடுக்காதீர்கள்

வெட்டாறு (திருவாரூர் பக்கம்)

போன வாரம் ஒரு தம்பி இங்கே "பிஎஸ்5 (சோனியின் ப்ளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல்) வாங்கப் போகிறேன், டிஸ்க் போடும் வசதி உள்ளதா, இல்லாததா?" என்று கேட்டிருந்தார். வரிசையாக வந்து "கேமை நெட்டில் இறக்கி ஆடும் டிஜிட்டலே போதும், டிஸ்க்கெல்லாம் பழைய பஞ்சாங்கம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். பத்தாயிரம் மிச்சம் என்பதுதான் எல்லோரும் சொன்ன காரணம். ஸ்லிம் மாடல் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் உள்ளது 54,990, இல்லாதது 44,990. கணக்கு சரிதான். அந்தப் பத்தாயிரத்தோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் போகிறது என்று யாருமே சொல்லவில்லை. அதனால்தான் இந்தத் தனி இழை.

நான் லிட்டில் மாஸ்டர் காலத்து ஆள். ஜப்பானிய நின்டெண்டோ கம்பெனியின் ஃபாமிகாம் கன்சோலை அப்படியே நகலெடுத்த பெட்டி அது என்பது அப்போது யாருக்குத் தெரியும்? எங்களுக்கு அது "டிவி கேம்". கேசட்டில் "9999 இன் 1" என்று ஒட்டியிருக்கும். எண்ணிப் பார்த்தால் மாரியோ, கான்ட்ரா, டாங்க், சர்க்கஸ், ரோடு ஃபைட்டர் என்று விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். மீதியெல்லாம் அதே கேம், வேறு பெயரில். ஒருநாள் கேசட்டைத் திறந்தும் பார்த்தேன். அவ்வளவு பெரிய பிளாஸ்டிக்குள் உள்ளங்கை அளவு தகடு, அதன் நடுவில் கறுப்பாக ஒரு கோந்துப் பொட்டு. சிப்பே அதுதான். அந்தப் பெட்டி இன்றைக்கும் ஓடுகிறது. வாத்து சுடும் துப்பாக்கி மட்டும் எல்இடி டிவியில் வேலை செய்யாது, பழைய பிக்சர் டியூப் வேண்டும். அதற்காகவே அரசு கொடுத்த இலவசக் கலர் டிவியை அத்தை வீட்டிலிருந்து தூக்கி வந்து வைத்திருக்கிறேன்.

அப்புறம் பிஎஸ்2, பிஎஸ்4, இப்போது பிஎஸ்5. ஒரு டிஸ்க் வாங்கினால் நான் முடிப்பேன், நன்னிலத்தில் மச்சான் முடிப்பார், அங்கிருந்து பேரளத்துக்குப் போகும், கடைசியில் பாதி விலைக்கு விற்றும்விடுவோம். சோனியின் புது கேம் ஒன்று 4,999 ரூபாய். நாலு வீடு சேர்ந்து ஆடினால்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகும்.

சுருக்கமாகச் சொன்னால் டிஸ்க் என்பது பட்டா நிலம், டிஜிட்டல் என்பது குத்தகை.

குடந்தைக் கொழுந்து

வணக்கம் அண்ணே. அந்த வரிசையில் முதல் ஆள் நான்தான். அதனால் பதிலும் நானே சொல்கிறேன்.

பட்டா என்கிறீர்களே, அந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? சைபர்பங்க் 2077 என்ற கேம் டிசம்பர் 2020-இல் வந்தபோது டிஸ்க்கை வாங்கி பிஎஸ்4-இல் போட்டவர்களைக் கேளுங்கள். அப்டேட் இறக்காமல் அதை ஒழுங்காக ஆடவே முடியாது. எப்படியும் பல ஜிபி இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் டிஸ்க் எதற்கு? வட்டமாக ஒரு சாவி, அவ்வளவுதான்.

விலைக்கு வருவோம். நான் புது கேமை வந்த அன்றே வாங்குவதில்லை. ஆறு மாதமோ ஒரு வருடமோ பொறுத்தால் சோனியின் ஆன்லைன் ஸ்டோரில் பாதிக்கும் கீழே வந்துவிடும். உங்களுக்கு மச்சான் நன்னிலத்தில் இருக்கிறார், கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் கன்சோல் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். பழைய டிஸ்க்கை யாரிடம் விற்பது? கூரியரில் அனுப்பினால் "கீறல் இருக்கிறது, ஐந்நூறு குறைத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள்.

வெட்டாறு

நல்ல உதாரணம் கொடுத்தீர்கள் தம்பி. அதே டிசம்பரில் சோனி அந்த கேமைத் தன் ஸ்டோரிலிருந்தே தூக்கியது. திரும்ப வந்தது 2021 ஜூனில். இடைப்பட்ட ஆறு மாதமும் அதைப் புதிதாக வாங்க நினைத்த பிஎஸ்4-காரனுக்கு ஒரே வழி எது? கடையில் இருந்த டிஸ்க்.

கல்லணைக்காரன்

இரண்டு பேருமே தவறான வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள். ஐம்பதாயிரத்தை கேம் மட்டும் ஆடும் பெட்டியில் போடுவதற்குப் பதில் இன்னும் கொஞ்சம் சேர்த்து கம்ப்யூட்டர் வாங்குங்கள். ஆன்லைனில் ஆட மாதச் சந்தா கிடையாது. கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீம் 2015-லிருந்தே ரூபாய் விலை வைத்திருக்கிறது. இருபது வருடத்துக்கு முந்தைய கேமும் ஓடும். பிஎஸ்3 டிஸ்க்கைக் கொண்டுபோய் பிஎஸ்5-இல் போட்டுப் பாருங்கள், வெளியே துப்பிவிடும். இதுதானா உங்கள் பட்டா?

குடந்தைக் கொழுந்து

கம்ப்யூட்டர் அண்ணாச்சி வந்துவிட்டார், இனி கிராஃபிக்ஸ் கார்டு விலைப் பட்டியலும் வரும். ஆபீஸில் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் சோபாவில் சாய்ந்து, ஒரு பட்டனை அழுத்தினால், விட்ட இடத்திலிருந்து கேம் தொடர வேண்டும். டிரைவர் அப்டேட், செட்டிங்ஸ் எதையும் நோண்டுகிற பொறுமை எனக்கு இல்லை.

நாகூர் சோல்டர்

நான் ரிப்பேர் பார்க்கிற ஆள். சர்வீஸ் டேபிளில் தெரிவதைச் சொல்கிறேன்.

கடலோரத்தில் கன்சோலுக்கு முதல் எதிரி உப்புக்காற்று. இரண்டாவது ஐப்பசி, கார்த்திகை இடி. கன்சோல் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. இடி கேபிள் டிவி வயர் வழியாக செட்டாப் பாக்ஸுக்கு வரும், அங்கிருந்து டிவிக்கு, டிவியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாகக் கன்சோலுக்கு. திறந்து பார்த்தால் போர்டு புதிதுபோல இருக்கும். எச்டிஎம்ஐ சாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஐசியின் முதுகில் மட்டும் ஊசி முனை அளவுக்கு ஓட்டை. லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால் மழைக்காலத்தில் எச்டிஎம்ஐ வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள்.

இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் வீட்டு மின்சாரம் போலச் சீராகக் கொடுக்கும் சைன் வேவ் இன்வெர்ட்டரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், யூடியூப் பார்த்து பிஎஸ்5-ஐப் பிரித்து ஹீட்சிங்க்கைத் தூக்காதீர்கள். உள்ளே பேஸ்ட் கிடையாது, திரவ உலோகம். சிந்தினால் ஷார்ட்.

டிஸ்க் விஷயத்தில், உள்ளே ஓடி ஆடுகிற பாகம் அதிகம் என்றால் ரிப்பேரும் அதிகம். லேசர் லென்ஸில் தூசி, டிஸ்க்கை இழுக்கும் ரப்பரில் தேய்மானம். டிஜிட்டல் மாடலில் இந்த வேலையே வராது. ஸ்லிம்மில் டிஸ்க் டிரைவ் தனியாகக் கழன்று வரும், டிஜிட்டல் வாங்கியவரும் பிறகு மாட்டிக்கொள்ளலாம். முதல் தடவை மாட்டும்போது நெட் கட்டாயம்.

வெட்டாறு

பாய் சொன்ன கடைசி வரியைக் கவனியுங்கள். நெட். எங்கள் பக்கம் மே மாதம் ஆனால் மேட்டூர் திறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று வாய்க்கால் தூர்வாருவார்கள். பொக்லைன் கையை வைத்தால் மண்ணோடு ஃபைபர் வயரும் வரும். சரிசெய்ய ஆள் வரும்வரை போன் நெட்தான். அதில் நூறு ஜிபி கேமை இறக்க முடியுமா? பிஎஸ்5 டிஸ்க் ஒன்றில் நூறு ஜிபிவரை கொள்ளும். மின்சாரம் மட்டும் இருந்தால் போதும், ஏற்றிவிடலாம்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு மின்சாரமும் இல்லை, டவரும் இல்லை. ஜெனரேட்டர் போட்டவர் வீட்டில் கூடி போன் சார்ஜ் ஏற்றிய நேரத்தில் பையன்களுக்கு பிஎஸ்4 டிஸ்க்கைத்தான் போட்டுவிட்டோம். யாரும் பாஸ்வேர்டு கேட்கவில்லை.

குடந்தைக் கொழுந்து

ஏற்கெனவே இறக்கி வைத்த டிஜிட்டல் கேமும் நெட் இல்லாமல் ஓடும் அண்ணே. உங்கள் பிரைமரி கன்சோல் என்று பதிந்திருந்தால் போதும். கஜாவை எனக்கு எதிராகச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

இன்னொன்று. டிஸ்க் வைத்தால் சொந்தம் என்பதற்கு தி க்ரூ என்ன பதில் சொல்லும்? 2014-இல் வந்த கார் கேம். 2024 மார்ச் 31-ஆம் தேதி கம்பெனி சர்வரை நிறுத்தியது. டிஸ்க் வைத்திருந்தவன், டிஜிட்டலில் வாங்கியவன், எல்லோருக்கும் ஒரே கதி. தனியாக ஆடக்கூட வழியில்லை. பட்டா கையில் இருக்கிறது, மடை அவர்கள் கையில். நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

கல்லணைக்காரன்

கொழுந்து இந்த இடத்தில் சரியாகத்தான் பேசுகிறார். நின்டெண்டோவும் தன் ஸ்விட்ச் 2 கன்சோலில் சில கேமுக்கு வெறும் சாவி கார்டுதான் தருகிறது. கார்டைச் செருகினால் கேம் நெட்டிலிருந்து இறங்க வேண்டும். காசும் கொடுத்து, கார்டும் வைத்து, கேம் மட்டும் உள்ளே இல்லை.

வெட்டாறு

தி க்ரூ எப்போதும் நெட்டில் இருக்க வேண்டும் என்றே கட்டிய கேம். அது டிஸ்க்கின் குற்றமா? அந்த மாதிரிக் கேமை டிஸ்க்கிலும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். கோஸ்ட் ஆஃப் சுஷிமாவின் டிஸ்க்கைப் போட்டு யார் அனுமதியும் இல்லாமல் கடைசிவரை ஆடலாம். நான் பேசுவது அதைப்போன்ற கேம்களைப் பற்றி.

குத்தகை என்று சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம் வந்திருக்கிறது. டிஜிட்டல் பொருளை "வாங்கு" என்று சொல்லி விற்றால், உண்மையில் கொடுப்பது உரிமம்தான் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஸ்டீமும் பணம் கட்டும் பக்கத்தில் அப்படியே எழுதி வைத்திருக்கிறது, கல்லணை சார் பார்த்திருப்பார்.

இன்னும் சொல்லப்போனால் குத்தகையைவிட மோசம். நம் ஊரில் பயிரிடும் குத்தகைதாரரை நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது, 1955-லிருந்தே அதற்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கோயில் நிலம், மடத்து நிலம் உழுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், விவரமாகச் சொல்வார்கள். கேம் வாங்கியவனுக்கு அப்படி ஒரு சட்டம் எங்கே?

குடந்தைக் கொழுந்து

சட்டம் வரைக்கும் போய்விட்டீர்கள், சரி. அப்படியென்றால் பிஎஸ்2 காலத்தில் நம்மூரில் "சொந்தம்" எப்படி இருந்தது என்றும் சொல்லுங்கள். நகல் டிஸ்க்கும் ஓடும்படி சிப் போட்ட பிஎஸ்2, பிளாஸ்டிக் கவரில் ஐம்பது ரூபாய் டிஸ்க், மேலே மார்க்கர் பேனாவில் கேம் பெயர். லிட்டில் மாஸ்டரே நகல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நெட்டும் அக்கவுண்டும் வந்த பிறகுதான் நாம் கேம் செய்தவர்களுக்குக் காசு கொடுக்கவே ஆரம்பித்தோம். அந்தக் காலத்து உரிமையைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

வெட்டாறு

யார் இல்லை என்றார்கள்? பிஎஸ்2 உலகம் முழுக்க 16 கோடிக்கு மேல் விற்றது. நம் பக்கத்தில் சிப் போடாத பெட்டியை நான் பார்த்ததில்லை. ஒரிஜினல் டிஸ்க் விற்கும் கடை திருவாரூரில் எங்கே இருந்தது? கூத்தாநல்லூரில் சிங்கப்பூரிலிருந்து வருபவர்கள் கொண்டுவந்தால் உண்டு. கிடைக்க ஆரம்பித்தபின் காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன். ஆனால் கொடுத்த காசுக்குப் பொருள் கையில் வர வேண்டும், அதுதான் என் வாதம். திருட்டு டிஸ்க் ஓடியது என்பதற்காக இன்றைக்கு ஒரிஜினலுக்கு முழு விலை கொடுப்பவனுக்கு ஒன்றும் கிடைக்க வேண்டாம் என்பது என்ன நியாயம்?

பாமணி (மன்னார்குடி)

சண்டையின் நடுவில் வருகிறேன், மன்னியுங்கள். வீட்டில் கான்ட்ரா ஆடிய முதல் பெண் நான். அண்ணன் இரண்டாவது ரிமோட்டைத்தான் கொடுப்பான், அதில் ஸ்டார்ட் பட்டனே கிடையாது. அதனால் ஆட்டத்தை எப்போது நிறுத்துவது என்பதும் அவன் இஷ்டம்தான்.

இப்போது மகன் கேட்கிறான். சம்பா நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டாகிவிட்டது, பணம் கணக்கில் ஏறியதும் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். சின்னவளுக்குத் தம்பி சிங்கப்பூரிலிருந்து ஸ்விட்ச் கொண்டுவந்தான். இங்கே நின்டெண்டோவுக்கு முறையான விற்பனை இல்லாததால் ரிப்பேர் என்றால் எங்கே போவது என்ற பயம் எனக்கு. கார்டு வேறு நகத்தளவு. ஒன்று துணி துவைக்கும் மெஷினுக்குள் போய்த் திரும்பி வந்தது, அதிசயமாக ஓடுகிறது.

பாய்க்கு ஒரு கேள்வி. டிஸ்க் உள்ள பிஎஸ்5-இல் கல்யாண டிவிடி ஓடுமா? எங்கள் கல்யாணம், அம்மாவின் அறுபதாம் கல்யாணம், காதுகுத்து எல்லாம் டிவிடியில் கிடக்கிறது. ப்ளேயர் கெட்டு எத்தனையோ வருடம் ஆகிறது.

நாகூர் சோல்டர்

டிவிடி ஓடும் அக்கா. ஸ்டுடியோக்காரர் முறையாக ஃபைனலைஸ் செய்து (மற்ற ப்ளேயரிலும் ஓடும்படி பதிவை முடித்து) கொடுத்திருந்தால் பிரச்சினை இல்லை. பாட்டு சிடி மட்டும் ஓடாது. எதற்கும் அந்த டிவிடிகளைச் சீக்கிரம் பென் டிரைவில் ஏற்றிவிடுங்கள், நம்ம ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும்.

பாமணி

அப்படியானால் டிஸ்க் உள்ளதுதான். முடிவு செய்துவிட்டேன்.

குடந்தைக் கொழுந்து

அக்கா, பத்தாயிரத்துக்கு டிவிடி ப்ளேயரா? தனியாக வாங்கினாலே இரண்டு மூன்றாயிரத்துக்குள் முடிந்துவிடும்.

பாமணி

வாங்கி எங்கே வைப்பது தம்பி? ஷோகேஸில் செட்டாப் பாக்ஸ், மோடம், ஸ்விட்ச் டாக் எல்லாம் ஏற்கெனவே அடைத்துக்கொண்டு நிற்கிறது. இதற்குமேல் ஒரு பெட்டி வந்தால் மாமியார் என்னையும் சேர்த்து வெளியே வைப்பார். வெட்டாறு அண்ணே, பெட்டி வந்ததும் சொல்கிறேன், அந்த சுஷிமா டிஸ்க்கை மன்னார்குடி பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள்.

வெட்டாறு

தாராளமாக. கொழுந்து தம்பிக்கும் கொடுக்கலாம் என்றுதான் பார்க்கிறேன், எதில் போடுவார்?

குடந்தைக் கொழுந்து

நான் போன தீபாவளி சேலிலேயே வாங்கி முடித்துவிட்டேன் அண்ணே. பார்சல் கூலி உங்களுக்கு மிச்சம்.