மூட்டுவலியோடு ப்ராக் சுற்ற முடியுமா?

கேள்வி (கிருஷ்ணகிரி):
தம்பி ஜெர்மனியில் வேலையில் இருக்கிறான். மே மாதம் அம்மா அப்பாவைச் செக் நாட்டுத் தலைநகரான ப்ராக் நகருக்கும் கூட்டிப் போகலாம் என்கிறான். அப்பாவுக்கு மூட்டுவலி. கோட்டை, பாலம், கடிகாரம் மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

பதில் (பர்கூர்):
பார்க்கலாம். ஆனால் கோட்டைக்குக் கீழிருந்து நடந்து ஏறாதீர்கள். 22ஆம் எண் டிராம் மேலேயே கொண்டுபோய் விடும். இறங்கும்போதும் அதிலேயே வாருங்கள், படிக்கட்டு வேண்டாம். உள்ளே இருக்கும் புனித வீட்டஸ் தேவாலயத்தை 1344இல் தொடங்கி 1929இல்தான் முடித்தார்கள்!

நான் கிரானைட் தொழிலில் இருப்பவன், அதனால் சார்லஸ் பாலத்தில்தான் அதிக நேரம் நின்றேன். 1357இல் தொடங்கிய மணற்கல் பாலம். மேலே 30 சிலைகள், பெரும்பாலானவை நகல்கள். மணற்கல் மழைக்கும் புகைக்கும் அரித்துப்போகும் என்பதால் அசலை எடுத்துப் பாதுகாக்கிறார்கள். நம்ம ஊர் கருங்கல்லையே அறுத்துப் பழகிய எனக்கு அந்த அக்கறை ரொம்பப் பிடித்தது. நெபோமுக் என்ற கிறிஸ்தவப் புனிதரின் சிலை வெண்கலம், 1683ஆம் ஆண்டுடையது. அதன் பீடத் தகட்டில், ஜனங்கள் தொட்டுத் தொட்டு ஒரு இடம் மட்டும் கோயில் குத்துவிளக்கு மாதிரி பளபளக்கும். மற்றதெல்லாம் கறுப்பு. காலை 7 மணிக்கே போய்விடுங்கள், அப்புறம் கூட்டம் தாங்காது.

பதில் (தர்மபுரி):
கடிகாரம் 1410ஆம் ஆண்டுடையது. காலை 9 முதல் ஒவ்வொரு மணிக்கும் அதிலுள்ள எலும்புக்கூடு பொம்மை மணியடிக்கும், இயேசுவின் சீடர்களின் பொம்மைகள் ஜன்னலில் வந்துபோகும். ஒரு நிமிடம்கூட ஆகாது, முன்கூட்டியே போய் நில்லுங்கள். தெருவெல்லாம் கல் பாவியது. அப்பாவுக்குச் செருப்பு வேண்டாம், நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள்.