'லிங்கேஜ்' என்பதற்கு 'உடன்வரவு' பொருந்துமா?

ஐயாவுக்கும் குழு அன்பர்களுக்கும் வணக்கம்.

நான் எழுதும் துரியான் கட்டுரைக்கான கலைச்சொற்களைப் பற்றிக் கேட்கிறேன். முக்கியமானது 'லிங்கேஜ்': டிஎன்ஏவில் அருகருகே இருப்பவை பெற்றோரிடமிருந்து பெரும்பாலும் சேர்ந்தே வருவது. அதற்கு முன், 'டிஎன்ஏ மார்க்கர்' என்பதற்கு ஐயா தந்த 'மரபணுக் குறி'யில் எனக்குத் தயக்கம் உண்டு. மார்க்கர் ஒரு மரபணுவாக இருக்கவேண்டியதில்லை. ஒரு மரத்தின் டிஎன்ஏவில் 'ஏ' என்றிருக்கும் எழுத்து இன்னொன்றில் 'ஜி' என்றிருக்கும். அல்லது இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் எண்ணிக்கை மாறும். அவ்வளவுதான். வயலோர எல்லைக்கல் மாதிரி: கல்லில் எதுவும் விளையாது, ஆனால் யாருடைய நிலம் எங்கே என்று காட்டும். ஆகவே 'டிஎன்ஏ குறிப்பான்' போதும் என்பேன்.

இதைவிட உறுத்துவது 'லிங்கேஜ் மேப்' என்பதற்கான 'மரபணு வரைபடம்'. 2017இல் நம் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் மூசாங் கிங் துரியானின் மரபணுத்தொகையை (அதன் டிஎன்ஏ முழுவதையும்) வெளியிட்டார்கள்; ஏறத்தாழ 46,000 மரபணுக்கள். அது எழுத்தெழுத்தாகப் படித்தது. 'லிங்கேஜ் மேப்' அப்படியல்ல, எண்ணிப் பார்ப்பது. இரு மரங்களைக் கலந்து, பிறந்த கன்றுகளில் எந்தக் குறிப்பான்கள் சேர்ந்தே வந்தன, எவை பிரிந்தன என்று கணக்கெடுக்கிறார்கள். நூறில் ஒன்று பிரிந்தால் தொலைவு ஒரு சென்டிமார்கன். 1913இல் அமெரிக்க மரபியலாளர் ஸ்டர்டெவன்ட் பழ ஈயின் ஆறு பண்புகளை வைத்து முதல் படத்தைப் போட்டதும் இப்படித்தான். இரண்டையும் 'வரைபடம்' என்றே எழுதினால் வாசகர் ஒன்றென்றே நினைப்பார்.

'லிங்கேஜ்' என்பதற்குப் 'பிணைப்பு' ஏன் வேண்டாம்? டிஎன்ஏ இழைகளைச் சேர்த்துவைப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. ஒரே பத்தியில் இரண்டு பிணைப்பும் வந்தால் மாணவர் தடுமாறுவார்.

போன சனிக்கிழமை கேலாங்கில் துரியான் வாங்கும்போது பக்கத்து வீட்டு அத்தையும் வந்திருந்தார். விதையிலிருந்து வளர்ந்தால் காய்க்கப் பல வருடம் ஆகுமே, கன்றிலேயே சுளை கசக்குமா இனிக்குமா என்று தெரியாதா என்றார். "கசப்போட கூடவே வர்ற ஒரு அடையாளம் கண்டுபிடிச்சா, இலையைக் கிள்ளிப் பாத்தே சொல்லிடலாம் அத்தை" என்றேன். கட்டுரையில் ஒரு பக்கம் எழுதியும் விளங்காதது அவருக்கு அந்த ஒரு வரியில் விளங்கிவிட்டது. 'கூடவே வருவது' என்பதைத்தான் 'உடன்வரவு' ஆக்கினேன்.

உடன்வரவுப் படம், உடன்வரவுத் தொலைவு, உடன்வரும் குறிப்பான் என்று கிளைகளும் இயல்பாக வருகின்றன. புள்ளியியலில் 'கோரிலேஷன்' (இரண்டு அளவுகள் தொடர்போடு மாறுவது) என்பதோடு குழம்பாதா என்று அக்கா ஒருவர் தனியாகக் கேட்டார். அதற்கு 'ஒட்டுறவு' ஏற்கெனவே புழங்குவதால் சிக்கல் இல்லை.

சேர்ந்து வராதவற்றுக்குத்தான் நல்ல சொல் அகப்படவில்லை. 'தனிவரவு' என்றால் ஒன்று மட்டும் வருவதுபோல் தொனிக்கிறது. 'பிரிவரவு' காதுக்கு ஒத்துவரவில்லை. ஐயா, நீங்கள் என்ன சொல்வீர்கள்?