விசா முடிந்துவிட்டது, பையனைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

செக்காலை ரோடு:
அக்கா மகன் டெக்சாஸில் பிஎச்.டி. ஐந்தாவது வருஷம். பாஸ்போர்ட்டில் இருக்கும் எஃப்-1 மாணவர் விசா போன மாதமே முடிந்துவிட்டது என்று நேற்று போனில் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறான், அக்கா அதிலிருந்து சாப்பிடவில்லை, பிள்ளையார்பட்டிக்கு வேண்டிக்கொண்டும் ஆயிற்று. இங்கே ஒரு ஏஜென்ட் நாற்பதாயிரம் கொடுத்தால் அங்கிருந்தபடியே புதுப்பித்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? தை மாதம் அவன் தங்கை கல்யாணம் வேறு.

கண்டனூர்க்காரன்:
அண்ணே, முதலில் ஆச்சியைச் சாப்பிடச் சொல்லுங்கள். விசா முகப்பு வாசலோடு சரி. உள்ளே வந்தபின் வளவில் எத்தனை நாள் இருக்கலாம் என்பதை ஐ-94 (நாட்டுக்குள் நுழையும்போது போடும் பதிவு), ஐ-20 (கல்லூரி தரும் படிப்புச் சான்று) இரண்டும்தான் சொல்லும். ஐ-94இல் தேதிக்குப் பதில் டி/எஸ், அதாவது படிப்பு நடக்கும்வரை, என்றிருந்து, ஐ-20 முடியாமல், முழுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. மாணவர் விசாவை அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டு புதுப்பிக்கவே முடியாது, ஏஜென்டுக்குப் பத்துப் பைசா கொடுக்காதீர்கள்.

கோட்டையூர் மாப்பிள்ளை:
ஐ-20 தேதியை இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். அது முடியும் முன்பே, கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அதிகாரியான டி.எஸ்.ஓ.விடம் நீட்டிப்பு கேட்க வேண்டும். கைடு மாறிய குழப்பத்தில் நான் 11 நாள் தாண்டவிட்டேன். அப்புறம் மாணவர் தகுதியைத் திரும்பக் கேட்கும் ஐ-539 படிவம், ஏன் தவறியது என்று கடிதம், இதை 5 மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும், அனுமதியில்லாமல் வேலை பார்த்திருக்கவும் கூடாது. லேப் சம்பளம் நின்றுபோய், பதில் வரும்வரை அறைத்தோழன்தான் சோறு போட்டான். இல்லையென்றால் வெளியே வந்து புது ஐ-20, புது விசா என்று முதலிலிருந்து தொடங்கலாம், அதில் விசா கிடைக்குமா என்ற கவலை தனி. ஐ-94இல் தேதி போட்டிருந்து அதற்குமேல் 180 நாள் தாண்டி இருந்துவிட்டு வெளியே வந்தால் 3 வருஷம் உள்ளே விடமாட்டார்கள், ஒரு வருஷம் என்றால் 10.

செக்காலை ரோடு:
இப்போதுதான் போட்டோ அனுப்பினான். டி/எஸ்தான், ஐ-20 அடுத்த மே வரை. கல்யாணத்துக்கு வரலாமா?

கண்டனூர்க்காரன்:
வரலாம், புது விசா குத்தாமல் திரும்பிப் போக முடியாது, அவ்வளவுதான். சென்னையில் நேர்காணலுக்கு ஸ்லாட் கிடைத்தபிறகு டிக்கெட் போடட்டும். ஐ-20இல் டி.எஸ்.ஓ.வின் பயணக் கையெழுத்து ஒரு வருஷத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். என்ன ஆராய்ச்சி செய்கிறான்? சில துறை என்றால் கூடுதல் சரிபார்ப்பு என்று வாரக்கணக்கில் உட்காரவைத்துவிடுவார்கள், அந்த நேரம் பார்த்து மே மாதம் நெருங்கினால் சிக்கல்.

செக்காலை ரோடு:
ஏதோ சிப் டிசைன் என்றான். அக்காவிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன், இரண்டு வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டது. கல்யாண விஷயத்தை அவனே சொல்லட்டும்.