சுடாமலே விக்டோரியா கிராஸ் பெற்ற லான்ஸ் கார்ப்பரல் வில்லியம் கோல்ட்மன்: விவரம் தேவை

கேள்வி – புதுவை ஆசிரியர்

அன்பர்களுக்கு வணக்கம். நவம்பர் 11 அன்று கடற்கரைச் சாலையிலுள்ள போர் நினைவுச் சின்னத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போது, முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படைக்காக உயிர்விட்ட நம் ஊர்க்காரர்களைப் பற்றி வழக்கமாகப் பேசுவேன். இம்முறை, போர்க்களத்தில் உயிர் காத்தவர் ஒருவரைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன். பிரிட்டிஷ் தரைப்படையின் லான்ஸ் கார்ப்பரல் வில்லியம் கோல்ட்மன், எதிரியை நோக்கி ஒரு முறைகூடச் சுடாமல், பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் உட்பட ஐந்து வீர விருதுகளைப் பெற்றார் என்று படித்தேன். அவை எந்தெந்தச் செயல்களுக்காக அளிக்கப்பட்டன? அதே காலத்து அதிகாரிகள் பெற்ற பதக்கங்களிலிருந்து இவை ஏன் வேறுபடுகின்றன?

பதில் – லாஸ்பேட்டை வாசகர்

ஐயா, நல்ல தேர்வு. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் அதிகாரி அல்லாதோரில் மிக அதிகமான வீர விருதுகளைப் பெற்றவர் கோல்ட்மன்தான். இங்கிலாந்தின் பர்ட்டன் நகருக்கு அருகே 1891இல் பிறந்த அவர் தோட்டத் தொழிலாளி. பிரதரன் என்னும் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். 1915 ஜனவரியில் படையில் சேர்ந்து வடக்கு ஸ்டாஃபோர்டுஷயர் ரெஜிமென்டின் 1/6ஆம் பட்டாலியனுக்குச் சென்றார். கொல்வதற்கு மனச்சாட்சி இடம் தராததால், காயம்பட்டவர்களைச் சுமக்கும் ஸ்ட்ரெச்சர் வேலையைத் தாமே கேட்டுப் பெற்றார்.

1917 பிப்ரவரியில், மூடுபனி மறைவில் முள்வேலி அமைக்கச் சென்ற குழு, பனி திடீரென விலகியதால் எதிரியின் கண்ணில் பட்டது. தொடையில் குண்டு பாய்ந்து விழுந்த அதிகாரியை அவர் உடனே வெளியே சென்று மீட்டு வந்ததற்கு மிலிட்டரி மெடல் கிடைத்தது. அவ்வாண்டு ஜூனில் வெடிமருந்துக் கிடங்கில் குண்டு விழுந்தபோது அங்கிருந்த ஒளிக்குண்டுகளை அகற்றினார். சில நாள்களில் சுரங்கப்பாதை இடிந்து வீரர்கள் புதையுண்டபோது அவர்களைத் தோண்டியெடுக்க ஆள்களைத் திரட்டினார். இவற்றுக்காக அதே பதக்கத்துக்கு இரண்டாம் முறைக்குரிய பட்டை வழங்கப்பட்டது. அடுத்து, இரவு முழுவதும் பீரங்கிக்கும் இயந்திரத் துப்பாக்கிக்கும் நடுவே காயமுற்றோரைத் தேடியலைந்து மீட்டதற்காக டிஸ்டிங்விஷ்டு காண்டக்ட் மெடலும் கிடைத்தது.

ஆனால் நீங்கள் மாணவர்களிடம் நிதானமாகச் சொல்ல வேண்டியது 1918இன் அந்தச் சில நாள்களைத்தான். செப்டம்பர் 29 அன்று அவருடைய டிவிஷன், ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் கப்பல்களின் உயிர்காப்பு மிதவைகளை மார்பில் கட்டிக்கொண்டு பிரான்சிலுள்ள செயின்ட் குவென்டின் கால்வாயைக் கடந்து ஜெர்மானியரின் ஹின்டன்பர்க் அரணை உடைத்தது. அதற்கு முந்தைய நாளிலிருந்தே உறக்கமின்றிக் காயங்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த கோல்ட்மன், தம் பகுதியில் காயமுற்றோர் எவரும் எஞ்சவில்லை என்று உறுதியாகும்வரை ஓயவில்லை. காண்டக்ட் மெடலுக்கான பட்டை இதற்குத்தான். ஒரு வாரம்கூடக் கழியாமல், அக்டோபர் 3, 4ஆம் தேதிகளில், செகார்ட் அருகே மன்னிகின் குன்றிலிருந்து படை பின்வாங்கியபோது காயமுற்ற சிலர் கைவிடப்பட்டதாகக் கேள்விப்பட்டார். பக்கவாட்டிலிருந்து குண்டு மழை பொழிந்துகொண்டிருக்க, தனியாகத் திரும்பிச் சென்று அவர்களைக் கண்டுபிடித்து, கட்டுப் போட்டு, மூன்று முறை ஆளை முதுகில் சுமந்து வந்து சேர்த்தார். மொத்தம் 48 மணி நேரம் இடைவிடாமல் பணியாற்றினார். அதற்குத்தான் விக்டோரியா கிராஸ்.

பதில் – கடலூர், ஓய்வுபெற்ற ஹவில்தார்

ஆசிரியர் ஐயாவின் இரண்டாம் கேள்விக்கு நான் சொல்கிறேன். லான்ஸ் கார்ப்பரல் என்பது நம் ராணுவத்தின் லான்ஸ் நாயக்குக்கு இணையான, என்.சி.ஓ. (சிப்பாய்களுக்கு மேல், அதிகாரிகளுக்குக் கீழ் உள்ள பதவியினர்) வரிசையின் அடிப்படி. அக்காலத்தில் பதக்கமும் படிநிலைப்படிதான். ஒரே இடத்தில் ஒரே விதத் துணிவைக் காட்டினாலும், அதிகாரிக்கு மிலிட்டரி கிராஸ், சிப்பாய்க்கும் என்.சி.ஓ.வுக்கும் மிலிட்டரி மெடல். காண்டக்ட் மெடலும் 1854 முதல் அதிகாரி அல்லாதோருக்கு மட்டுமே உரியது. 1856இல் ஏற்படுத்தப்பட்ட விக்டோரியா கிராஸ் ஒன்றுதான் தொடக்கத்திலிருந்தே பதவி பார்க்காதது. ஆனால் இந்தியப் படை வீரர்களுக்கு அதுவும் 1911இல்தான் திறந்துவிடப்பட்டது. பதவிக்கேற்பப் பதக்கம் தந்த ஏற்றத்தாழ்வை நியாயமென்று என்னால் ஏற்க முடியவில்லை. பிரிட்டன் 1993இல்தான் அதை நீக்கி, மிலிட்டரி கிராஸை எல்லாப் பதவியினருக்கும் பொதுவாக்கியது.

இன்னொன்றையும் மாணவர்களுக்கு விளக்குங்கள். மயங்கிக் கிடக்கும் ஆளின் உடல் கனம் முழுவதும் சுமப்பவரின் தோளிலும் இடுப்பிலும் இறங்கும். ஸ்ட்ரெச்சரில் தூக்கினாலே சேற்று நிலத்தில் நான்கு பேர் திணறுவார்கள். குனிந்து பதுங்கவும் வழியில்லை. மேட்டு நிலத்தில் தனியொருவர் மூன்று முறை சுமந்தார் என்பதைப் படிக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

நம் மதராஸ் சாப்பர்ஸ் என்னும் ராணுவப் பொறியாளர் படையின் சுபேதார் சுப்பிரமணியனையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1944 பிப்ரவரியில் இத்தாலியில், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் தாமே விழுந்து உடன் வந்தவர்களைக் காத்து உயிர்விட்ட அவருக்கு, எதிரியுடன் நேரடியாகப் போரிடாத சூழலில் காட்டும் துணிவுக்கான பிரிட்டனின் உயரிய விருதான ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. பிறரைக் காத்ததற்காகத் தரப்பட்ட விருது அது.

புதுவை ஆசிரியர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சுபேதார் சுப்பிரமணியனை அவசியம் சேர்க்கிறேன். போருக்குப் பின் கோல்ட்மன் என்ன ஆனார்?

பதில் – லாஸ்பேட்டை வாசகர்

1919 மே மாதம் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கையால் விக்டோரியா கிராஸைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பி, பர்ட்டன் நகரின் பூங்காத் துறையில் தோட்டவேலைக்குச் சேர்ந்து, 1963இல் ஓய்வு பெறும்வரை அதிலேயே இருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது உள்ளூர் மாணவர் படையில் கேப்டன் பொறுப்பு வகித்தார். 1974இல், 82 வயதில் காலமானார். படம் காட்ட வேண்டுமென்றால், பதக்கங்கள் ஸ்டாஃபோர்டுஷயர் ரெஜிமென்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன.