யார் வென்றார் என்பதைப் பொறுத்து மாறும் கதை: ஒரு கலைச்சொல் வேண்டும்

தஞ்சாவூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சிகள் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். ஓரிடத்தில் சொல் கிடைக்காமல் நிற்கிறது.

அமெரிக்காவில் 2000-இல் 'சர்வைவர்' தொடங்கியது. போர்னியோவை ஒட்டிய ஒரு சின்னத் தீவில் 39 நாள் தாக்குப்பிடிக்கும் ஆட்டம். வெளியேற்றப்பட்ட போட்டியாளர்கள் போட்ட வாக்கில் ரிச்சர்ட் ஹாட்ச் 4-3 என்று வென்றது அங்கேயே முடிவாகிவிட்டது. மக்கள் முதல் பகுதியைப் பார்த்ததே அதற்குப் பிறகுதான். ஆகவே முதல் வாரத்தைத் தொகுக்க உட்கார்ந்தவர்களுக்குக் கடைசி வாரம் தெரியும். வெல்லப்போகிறவரை அதற்குத் தகுந்தாற்போலக் காட்டுவதை ரசிகர்கள் 'வின்னர்ஸ் எடிட்' என்கிறார்கள். யாருக்கு எவ்வளவு நேரம், எந்தத் தொனி என்று வாராவாரம் குறித்துவைத்து வெற்றியாளரைக் கணிக்கும் வழக்கத்துக்கு 'எட்ஜிக்' என்று தனிப்பெயரே வைத்துவிட்டார்கள்.

எனக்கு வேண்டியது வென்றவருக்கு மட்டுமான சொல் அல்ல. இறுதிக்கு வந்த எல்லோருடைய கதையும் யார் வென்றார் என்பதைப் பொறுத்து வேறாகிறதே, அந்தத் தன்மைக்கு. 'ஸ்டோரி ஆர்க்' என்பதை அப்படியே பெயர்த்து 'கதை வளைவு' என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்.

மன்னார்குடியிலிருந்து:

'வாகைத் தொகுப்பு' எனலாமே ஐயா. வெற்றியைப் பாடும் வாகைத் திணைக்குத் தொல்காப்பியர் சொல்லும் இலக்கணம் 'தத்தம் கூற்றைப் பாகுபட மிகுதிப் படுத்தல்', அதாவது அவரவர் திறத்தை வேறுபடுத்தி மிகுத்துக் காட்டுவது. எடிட்டர் செய்வதும் அதைத்தானே?

அது பிடிக்காவிட்டால் 'மதகுக்கதை'. கல்லணைக்கு வரும் தண்ணீர் ஒன்றுதான். காவிரியா, வெண்ணாறா, புது ஆறா, கொள்ளிடமா என்பது எந்த மதகைத் தூக்குகிறார்கள் என்பதில் இருக்கிறது. எடுத்த படமும் அப்படித்தான்.

கும்பகோணத்திலிருந்து:

பெரியவர்களுக்கு வணக்கம். நான் தமிழ் படித்தவன் இல்லை. இங்கே கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறேன். அதற்கு முன்னால் சென்னையில் ஒரு ரியாலிட்டி ஷோ யூனிட்டில் எடிட்டிங் டேபிளில் இருந்தேன். அதனால் சொல்லலாம் என்று.

'வாகை' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதிகம் வெட்டுப்படுவது தோற்றவர் கதை. ஒரு பெண் இன்டர்வியூவில் 'இதுக்கு மேல என்னால முடியாது' என்கிறார் என்று வையுங்கள். அவர்தான் ஜெயிக்கிறார் என்று தெரிந்தால், அந்த வரிக்குப் பிறகு கொஞ்சம் அமைதி விட்டு, மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து அவர் அடுப்பு பற்றவைக்கிற ஷாட்டை ஒட்டுவோம். தோற்கிறார் என்றால் அதே வரி முடிவதற்குள், எதிரே நிற்பவர் திரும்பிப் பார்க்கிற முகம். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. பார்க்கிறவருக்கு முதலாவது பொறுமை, இரண்டாவது பலவீனம்.

இன்னொன்று. இன்டர்வியூ எடுக்கும்போதே 'பயமா இருக்கு' என்றுதான் பேசச் சொல்வார்கள். 'பயமா இருந்துச்சு' என்றால் திரும்பச் சொல்ல வேண்டும். அப்போதுதான் நடந்துகொண்டிருக்கிற மாதிரி இருக்கும், வேண்டிய இடத்தில் செருகவும் வசதி.

ஆனால் மக்கள் ஓட்டுப் போடுகிற ஷோ தனி ஜாதி. பிக் பாஸில் 24 மணி நேரத்தை ஒரு மணி நேரமாக்கி அன்றாடம் காட்டியாக வேண்டும். யார் ஜெயிப்பார் என்று டேபிளில் இருப்பவனுக்கும் தெரியாது. 2017-இல் ஊரே ஓவியா பக்கம் இருந்தது. அவர் பாதியில் வெளியேறினார், கடைசியில் ஆரவ் ஜெயித்தார். அந்த முடிவுக்கு முதல் வாரத்திலேயே எவன் கதை கட்ட முடியும்? அமெரிக்காவில் பெண் வேடக் கலைஞர்கள் மோதுகிற 'ருபால்ஸ் டிராக் ரேஸ்' இறுதிச்சுற்றில், விஷயம் வெளியே கசியக்கூடாது என்று வெவ்வேறு ஆட்களுக்கு முடிசூட்டி எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டார்கள். உண்மையான முடிவு ஒளிபரப்பில்தான். அங்கே ஒவ்வொருவர் கதையும் ஜெயித்தாலும் பொருந்த வேண்டும், தோற்றாலும் பொருந்த வேண்டும்.

முடிவு தெரிந்து வெட்டுவது, தெரியாமல் வெட்டுவது, இந்த இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் எங்கள் வேலை தெரிந்தவன் சிரிப்பான்.

திருவையாற்றிலிருந்து:

கும்பகோணத்துத் தம்பிக்கு நன்றி. 'தமிழ் படித்தவன் இல்லை' என்று சொல்லிவிட்டு வழியை அவர்தான் காட்டியிருக்கிறார்.

'உழைத்து' என்பது வினையெச்சம். அது தன் முடிபுக்குக் காத்திருக்கிறது. 'வென்றாள்' என்று முடித்தால் 'உழைத்து வென்றாள்'. தோற்றால்? 'உழைத்துத் தோற்றாள்' என்று நம் ஊரில் யாரும் சொல்வதில்லை, 'உழைத்தும் தோற்றாள்' என்போம். பின்னால் வரும் முடிபு முன்னால் நிற்கும் சொல்லுக்குள் புகுந்து ஓர் 'உம்' போட்டுவிடுகிறது.

முடிவு தெரிந்து தொகுக்கும் நிகழ்ச்சியில் தோற்பவருக்கு முதல் வாரமே அந்த 'உம்' விழுந்துவிடும். தம்பி சொன்ன திரும்பிப் பார்க்கும் முகம் அந்த 'உம்'தான். எட்ஜிக் ஆட்கள் தேடுவதும் அதையே. வாக்கெடுப்பு நிகழ்ச்சியில் அதைப் போட முடியாது. 'உழைத்து' என்று நிறுத்திவைக்க வேண்டும். ஆகவே என் பரிந்துரை: முதலாவது முடிபுக்கதை, இரண்டாவது எச்சக்கதை. கட்டுரையாளர் கேட்ட பொதுத் தன்மைக்கு முடிபுச்சார்பு.

ஆறாவது பிக் பாஸை வைத்துப் பாருங்கள். விக்ரமன் 'அறம் வெல்லும்' என்று சொல்லிவந்தார். சொன்னது வினைமுற்று, அவர் கதையோ கடைசிவரை எச்சம். 2023 ஜனவரியில் அசீம் வென்றார். வாரக்கடைசிகளில் கமல் கண்டித்த அதே கோபத்தை, வென்ற பிறகு அவர் ஆதரவாளர்கள் விட்டுக்கொடுக்காத குணமாகப் படித்தார்கள். விக்ரமன் வென்றிருந்தால் அந்தக் கோபம் அவருடைய கதையில் ஒரு தடைக்கல்லாக மட்டும் நின்றிருக்கும்.

வாகைத் தொகுப்பை வீணாக்க வேண்டாம். வென்றவருக்கு மட்டும் செய்யும் ஒப்பனைக்கு அது பொருந்தும். மதகு அழகான உவமை, மன்னார்குடிக்காரர் வேறென்ன சொல்வார்! ஆனால் மதகைத் தூக்க ஓர் ஆள் உண்டு. வாக்கெடுப்பில் அந்த ஆள் யார் என்பதே கேள்வி.

நாகப்பட்டினத்திலிருந்து:

டீச்சர், எல்லாம் சரி. 'எச்சக்கதை' என்று வீட்டில் வாய்விட்டுச் சொன்னேன். 'காக்கா எச்சமாப்பா?' என்கிறான் பையன். 'திறந்த கதை' என்று வைத்தால் என்ன?

திருவையாற்றிலிருந்து:

'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்' என்று எழுதியவருக்கும் காக்கை தெரிந்துதான் இருக்கும். பெயரெச்சம், வினையெச்சம் படிக்காமல் பையன் பள்ளிக்கூடத்தைத் தாண்ட முடியாது, அப்போது பழகிவிடும். 'திறந்த கதை' என்றால் முடியவில்லை என்று மட்டும் தெரியும். பின்னால் வருவது முன்னால் வந்ததன் பொருளை மாற்றும் என்பது அதில் எங்கே இருக்கிறது?

கும்பகோணத்திலிருந்து:

எனக்கு இரண்டு சொல்லும் பிடித்திருக்கிறது. ஒரே சந்தேகம். வாராவாரம் எடுத்து வாராவாரம் போடுகிற சமையல் ஷோக்கள் உண்டு. அங்கே ஜட்ஜுகளுக்கே கடைசி வாரம் வரை முடிவு தெரியாது, ஓட்டும் கிடையாது. அதுவும் எச்சக்கதையா? இன்னொன்று, பிக் பாஸில் ஜனம் ஓட்டுப் போடுவதே நாங்கள் வெட்டிக் காட்டியதைப் பார்த்துத்தான். அப்படியானால் எச்சம்தான் முடிபைக் கொண்டுவருகிறது. இலக்கணத்தில் இதற்கு இடம் உண்டா டீச்சர்?

தஞ்சாவூரிலிருந்து:

தம்பியின் முதல் கேள்விக்கு என் பதில்: ஆம், எச்சக்கதையே. ஓட்டு இருக்கிறதா என்பது அளவுகோல் அல்ல. தொகுக்கும்போது முடிவு கையில் இருந்ததா என்பதுதான். இரண்டாவதற்கு இலக்கணம் கைகொடுக்காது. அங்கே 'தொகுப்பே வாக்கைத் திருப்புகிறது' என்று நீட்டி எழுதிவிட்டுப் போகிறேன். எல்லாவற்றையும் ஒரு சொல்லுக்குள் திணித்தால் சொல் வெடித்துவிடும்.

கட்டுரையில் இப்படிப் போட்டிருக்கிறேன்: 'சர்வைவரின் முதல் பருவம் முடிபுக்கதை, பிக் பாஸ் எச்சக்கதை, முடிபுச்சார்பு இரண்டுக்கும் உண்டு, முன்னதில் அது தொகுப்பறையில் வேலை செய்கிறது, பின்னதில் பார்ப்பவர் நினைவில்.' ஒற்று மிகுவதில் பிழை இருந்தால் டீச்சர் திருத்த வேண்டும்.

வெவ்வேறு நாளில் பேசிய துண்டுகளை ஒட்டி ஒரே வாக்கியமாக்குவதை ஆங்கிலத்தில் 'ஃபிராங்கன்பைட்' என்கிறார்கள். நான் 'ஒட்டுப்பேச்சு' என்று எழுதியிருக்கிறேன். அதற்குத் தனி இழை நாளை தொடங்குகிறேன். கும்பகோணத்துத் தம்பி அதை எப்படிச் செய்வார்கள் என்று முதலில் எழுதட்டும்.