வேப் டேங்க் துடைக்க எந்த ஆல்கஹால் வாங்குவது?

வணக்கம் உறவுகளே. லண்டனில் இருக்கிறேன். சிகரெட்டை விட்டு வேப்புக்கு (மின்-சிகரெட்) மாறி எட்டு மாதம். அதன் திரவம் ஊற்றும் டேங்கை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவிவிடுகிறேன். பேட்டரியோடு சேரும் முனையில் படிந்த பழுப்புப் பிசுக்கு மட்டும் போகவே மாட்டேன் என்கிறது.

மருந்துக்கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் கொடுத்தார்கள். லேபிளைப் பார்த்தால் விளக்கெண்ணெய், மெத்தில் சாலிசிலேட் எல்லாம் இருக்கிறது. ஸ்பிரிட் ஆவியானாலும் எண்ணெய் தங்கிவிடும். அதை நெஞ்சுக்குள் இழுக்கப் பயமாக இருக்கிறது. ஊதா நிற மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் சாயமும் குடிக்க முடியாதபடி வேறு ரசாயனங்களும் கலந்திருக்கும், அது வேண்டவே வேண்டாம்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்தான் வாங்கப்போகிறேன். 70 சதவீதத்தில் மீதி தண்ணீர் என்பதால் முனைக்கு 99 நல்லது என்று நினைக்கிறேன். ஆனால் என் டேங்க் பிளாஸ்டிக். மேலே பட்டால் விரிசல் விடுமா? ரப்பர் வளையங்களைக் கழற்றிவிடவா? எவ்வளவு நேரம் காயவைக்கிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.