நெட்டே இல்லாம ஆத்தென்டிகேட்டர் ஆப்ல கோடு எப்படி வருது?

சும்மா_கேட்டேன்:
மெயிலுக்கு டூ ஃபேக்டர் (பாஸ்வேர்டுக்கு மேல ஒரு கோடும் கேக்குறது) போட்டிருக்கேன். ஃப்ளைட் மோட்ல வச்சுட்டு ஆப்பைத் திறந்தாலும் 6 நம்பர் பாட்டுக்கு மாறிட்டே இருக்கு. எஸ்எம்எஸ் ஓடிபின்னா அவங்க அனுப்புறாங்க, சரி. இதை யாருமே அனுப்பலையே, அப்புறம் நான் லேப்டாப்ல அடிக்கிறது சரியான நம்பர்தான்னு சர்வருக்கு எப்படித் தெரியுது?

பழைய_கீபோர்டு:
ரெண்டு பக்கமும் தனித்தனியா ஒரே கணக்கைப் போடுது ப்ரோ, அவ்ளோதான். செட்டப் பண்றப்ப கியூஆர் கோடு ஸ்கேன் பண்ணீங்கல்ல, அதுக்குள்ள ஒரு சீக்ரெட் கீ இருக்கு, அது உங்க போன்லயும் இருக்கும் சர்வர்லயும் இருக்கும். 1970 ஜனவரி 1ல இருந்து இப்ப வரைக்கும் ஓடின செகண்டை 30ஆல வகுத்து, மீதிய விட்டுட்டு, வர்ற நம்பரையும் அந்த கீயையும் சேர்த்து ஹேஷ் பண்ணி (திரும்பப் பிரிச்செடுக்க முடியாதபடி கலக்கி), அதுல இருந்து 6 இலக்கத்தை எடுத்துக் காட்டுது. சர்வரும் அதையே பண்ணிப் பாக்கும், ரெண்டும் ஒத்துப்போனா உள்ள விடும். இதுக்கு டிஓடிபின்னு பேரு (டைமை வச்சு வர்ற ஒன்டைம் பாஸ்வேர்டு), 2011ல ஆர்எஃப்சி 6238ங்கிற இன்டர்நெட் தொழில்நுட்ப ஆவணமா வெளியிட்டாங்க. கோடை வச்சு கீயைக் கண்டுபிடிக்க முடியாது, அதான் இதுல அழகே.

சும்மா_கேட்டேன்:
செம. அப்போ போன்ல டைம் தப்பா இருந்தா?

பழைய_கீபோர்டு:
கோடும் தப்பாத்தான் வரும். பொதுவா முன்ன பின்ன ஒரு 30 செகண்ட் வரைக்கும் சர்வர் பொறுத்துக்கும், அதுக்கு மேல போனா இன்வேலிட்தான். ஆட்டோமேட்டிக் டைம் ஆன்ல வைங்க. டைம் ஸோன் மாறினா பிரச்சனை இல்ல, கணக்கு யூடிசில (உலகம் முழுக்க ஒரே டைம்) ஓடுது.

ராத்திரி_ஷிப்ட்:
சொன்னதெல்லாம் சரி, ஆனா வந்தது "நீங்க"தான்னு சர்வருக்குத் தெரியாது, பாஸ்வேர்டும் கீயும் வச்சிருக்கற யாரோ ஒருத்தர்னு மட்டும்தான் தெரியும். அந்த கியூஆரை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல யாருக்காச்சும் அனுப்பினீங்கன்னா அவங்க போன்லயும் அதே கோடு வரும். டூப்ளிகேட் சிம் போட்டு உங்க எஸ்எம்எஸ் ஓடிபிய தன் போனுக்கு வரவச்சுக்கிற திருட்டு இதுல நடக்காது, ஆனா போலி லாகின் பேஜ்ல நீங்களே கோடை அடிச்சுட்டா அந்தப் பேஜை வச்சிருக்கற திருடன் அந்த 30 செகண்டுக்குள்ள ஒரிஜினல் சைட்ல போட்டு உள்ள போயிடுவான். பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலா போன் லாக், விரல்ரேகை வச்சே உள்ள போற முறை) இருந்தா அதுக்கு மாறிடுங்க, அது சைட் அட்ரஸோட கட்டிப்போட்டது, போலி சைட்ல வேலையே செய்யாது.

சும்மா_கேட்டேன்:
போன் தொலைஞ்சா?

ராத்திரி_ஷிப்ட்:
செட்டப்ல பேக்கப் கோடு குடுப்பாங்க, பேப்பர்ல எழுதி பீரோல வைங்க. அந்த போன்லயே நோட்ஸ்ல போட்டு வைக்காதீங்க, நிறைய பேரு அதைத்தான் பண்றாங்க.